பிளஸ் ஆற்றுக்கு எந்த வேடர்ஸ்: பிவிசியா, பிரீத்தபிளா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செபாரா, தெங்காஸ் என்ற ஆற்று மீன்களுக்கு ஃப்ளை தூண்டில் (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) வீசுகிறவர்களில் பெரும்பாலோர் காற்சட்டையோடுதான் பிளஸ் ஆற்றில் இறங்குகிறார்கள். முட்டளவுத் தண்ணீர், வெயில் ஏறிய நேரம் என்றால் அதுவே சரி. விடியற்காலையில் இடுப்பளவு நீரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும், காலில் ஆறாத புண் இருக்கிறது, எலிச் சிறுநீர் கலந்திருக்கக்கூடிய குட்டையில் இறங்க வேண்டும் என்று வரும்போதுதான் வேடர்ஸ், அதாவது பாதம்வரை மூடிய, நீர் புகாத காற்சட்டை, தேவைப்படுகிறது.

தடித்த நுரை ரப்பரான நியோப்ரீனில் செய்த வேடர்ஸைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம். அது குளிர்நாட்டு ட்ரவுட் ஆறுகளுக்கானது. இங்கே போட்டால் ஆற்றுக்குப் போகும் முன்பே வேர்வையில் குளித்துவிடுவோம். மிஞ்சுவது இரண்டு. ஒன்று, பூட்ஸ் சேர்ந்தே வரும் பிவிசி வேடர்ஸ். மீன் குளத்தில் வேலை செய்கிறவர்கள் போடுவது, விலை மலிவு. இன்னொன்று பிரீத்தபிள். நீரை உள்ளே விடாமல் ஆவியை மட்டும் வெளியே விடும் துணி, பாதத்தில் நியோப்ரீன் காலுறை. பூட்ஸைத் தனியாக வாங்க வேண்டும், அதையும் காலுறைக்கு இடம் விட்டு ஒரு சைஸ் பெரிதாக. இரண்டும் சேர்ந்தால் பிவிசியைப் போலப் பல மடங்கு செலவு. அப்படியிருந்தும் நான் எடுத்தது பிரீத்தபிள்தான்.

வேர்வைக்காக எடுக்கவில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் ஈரப்பத வேறுபாடு இருந்தால்தான் அந்தத் துணி ஆவியைத் தள்ளும். மழை விட்டதும் வரும் நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வேறுபாடு குறைவு, அதனால் முழங்காலுக்குப் பின்னால் ஈரம் இருக்கத்தான் செய்யும். விளம்பரத்தை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

முடிவு செய்ய வைத்தது காய வைக்கும் விஷயம். பிவிசியில் பூட்ஸ் ஒட்டியே இருப்பதால் கால் நுனிவரை உள்வெளியாகத் திருப்ப முடியாது. பூட்ஸுக்குள் இருக்கும் துணி லைனிங் வேர்வையைக் குடித்துவிட்டு நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பூஞ்சை பிடிக்கும், நாற்றம் ஏறும், அதைப் போடுகிறவருக்குக் காலில் சேற்றுப்புண் வரும். பழைய நாளிதழைத் திணித்து, மாற்றி மாற்றி வைத்தாலும் பெருவிரல் பக்கம் மட்டும் காயாது. பிரீத்தபிளை முழுசாகத் திருப்பி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. முதலில் உள்பக்கம், அது காய்ந்ததும் வெளிப்பக்கம். தகரக்கூரை வெயிலில் போடாதீர்கள். காரின் பின்பெட்டியில் பிளாஸ்டிக் பையோடு விட்டு வைக்கவே கூடாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் உள்ளிருக்கும் பாலியூரிதேன் பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். அப்படி உரிந்ததைச் சரிசெய்ய வழியே இல்லை.

அடுத்தது ஓட்டை. செம்பனைத் தோட்டத்தின் வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. வரிசைக்கு வரிசை அடுக்கி வைத்த மட்டை முள் எந்த வேடர்ஸையும் குத்தும், மெல்லிய பிரீத்தபிளை இன்னும் எளிதாக. இந்த ஒரு விஷயத்தில் பிவிசி கொஞ்சம் மேல். அதனால் வேடர்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, ஆற்றங்கரையில் மாட்டுவதே நல்லது.

ஊசித்துளை விழுந்தால் பிரீத்தபிளில் கண்டுபிடிப்பது சுலபம். உள்வெளியாகத் திருப்பி, மருந்துக் கடையில் விற்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஸ்பிரே செய்தால் துளை இருக்கும் இடம் கருத்துத் தெரியும். பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. ஆல்கஹால் காய்ந்ததும் அக்வாசீல் என்ற வேடர்ஸ் ஒட்டும் பசையைப் பொட்டளவு தடவி, ஓர் இரவு விடுங்கள். அந்தப் பசை காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், நம் ஊருக்கு அதில் குறையே இல்லை. பிவிசிக்குள் இருட்டறையில் டார்ச் அடித்துத் தேட வேண்டும். சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷன் அதில் நிற்காது, பிவிசிக்கான பசைதான் வேண்டும். பெரும்பாலும் கணுக்கால் மடிப்பிலும் பூட்ஸ் சேரும் இடத்திலும்தான் வெடிக்கும். மடிந்து மடிந்து வெடித்த இடத்தில் ஒட்டு போட்டாலும் அதே மடிப்பு மறுபடி திறக்கும்.

பூட்ஸ் அடிப்பாகத்துக்கு ஃபெல்ட்டா (அழுத்திய நார்த்துணி) ரப்பரா? பாசி படிந்த கருங்கல்லில் ஃபெல்ட் பிடிப்பது போல ரப்பர் பிடிக்காது. ஆனால் தோட்டத்துச் செம்மண் சரிவில் ஃபெல்ட்டில் மண் அப்பி வழுக்கும், காயவும் நேரமாகும். ஆணி வைத்த ரப்பர் இரண்டுக்கும் நடுவில் ஒத்துவரும். ஐந்து அடுக்குத் துணியில் வரும் உயர்விலை ரகம் முள்ளை எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்கு அனுபவம் போதாது, மூன்று அடுக்கை வைத்தே இதைச் சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். மேலே மலையில் மழை கொட்டி கெபாலா ஆயர் என்ற திடீர் வெள்ளம் வந்தால், தண்ணீர் நிரம்பிய வேடர்ஸோடு கரையேறுவது மிகக் கடினம். ஆறு கலங்கி, சருகு மிதந்து வர ஆரம்பித்ததுமே கரைக்கு வந்துவிட வேண்டும்.

வருடத்துக்கு ஓரிரு முறை தோட்டத்துக் குட்டையில் ஹருவானுக்கு (விரால் மீன்) மட்டும் இறங்குகிறவர் பிவிசியையே வாங்கலாம். அந்த உபயோகத்துக்குப் பிரீத்தபிள் வீண் செலவு.