காலையில் தசை எடுத்து மாலையில் ஸ்டெம் செல் ஊசியா? வடசென்னைக்காரர்கள் உஷார்

என் அண்ணனுக்குக் காசிமேட்டில் மீன் கூடை ஏற்றி இறக்குகிற வேலை. வலது தோளில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, அதாவது தசைநாணில் பாதிக் கிழிசல் என்று எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்தது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் கிளினிக். புகார் நடப்பதால் பெயர் வேண்டாம். "ஆபரேஷனே வேணாம்ண்ணா. உங்க தொடையிலேர்ந்தே கொஞ்சம் தசையும் ஜவ்வும் எடுத்து, ஸ்டெம் செல்லைப் பிரிச்சு இன்னைக்கே தோள்ல போட்டுடலாம்" என்றார்கள். ஸ்டெம் செல் என்றால் புதுத் திசுவாக வளரக்கூடிய மூல செல். கேட்டது 90,000 ரூபாய். அண்ணியின் சங்கிலி அடகுக்குப் போனது.

காலையில் தொடையில் கீறினார்கள், மாலையில் ஊசி. நடுவில் கையிலிருந்து ரத்தமும் எடுத்தார்கள். டெஸ்ட்டுக்காம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தால் 'பிஆர்பி ஊசி' என்று இருக்கிறது. ரத்தத்தை மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்துப் போடுவதுதான் பிஆர்பி. அது ஸ்டெம் செல் சிகிச்சையே இல்லை, அதற்குத் தொடையைக் கிழிக்கவும் தேவையில்லை. அந்தக் கீறல் வெறும் கண்துடைப்பு என்றுதான் நினைக்கிறேன். அதுவும் சீழ் வைத்து, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டோம். தோள் அப்படியேதான் இருக்கிறது.

கிளினிக் சுவரில் மாட்டியிருந்த ஸ்டெம் செல் படங்களில் பொய் இல்லை, அதுதான் வினை. தசைக்குள் ஸ்டெம் செல்கள் இருப்பதை அலெக்சாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி 1961-லேயே எழுதிவிட்டார். தசைநாணிலும் உண்டு என்று 2007-ல் ஆய்வு வந்தது. ஆனால் எடுக்கிற துண்டில் அவை சொற்பம். நொதி விட்டுத் திசுவைக் கரைத்து, செல்லைத் தனியாக்கி, கிருமி புகாத லேபில் வாரக்கணக்கில் வளர்த்தால்தான் ஊசிக்குத் தேவையான அளவு தேறும். உறை ஊற்றிய கையோடு தயிர் கேட்டால் எங்கே போவது? அந்தக் கிளினிக்கில் நாங்கள் பார்த்தது ரத்தத்தைச் சுழற்றுகிற ஒரு சென்ட்ரிஃபியூஜ் மெஷினும் ஒரு வீட்டு ஃபிரிட்ஜும்தான்.

அப்புறம் பணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்கிற ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் அங்கீகரிக்கப்பட்டது. மூட்டு, தோள், முதுகு என்று மற்ற எதற்கும் மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம். அந்த ஆய்வு சிடிஆர்ஐயில், அதாவது இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டோம். "அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு சார்" என்று ரிசப்ஷனில் சிரித்தார்கள். சிடிஆர்ஐ தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம், முன்பணம் கட்டும் முன் தேடிவிடுங்கள்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறோம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று கிளினிக்கிலிருந்து ஒருவர் போன் செய்தார். அண்ணன் முடியாது என்றுவிட்டார். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில், டிஸ்சார்ஜ் சீட்டு, வாட்ஸ்அப் விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் வழக்குக்கு 2 வருடம் வரை நேரம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.