ஆம்புலன்சுக்கு சைரன் மாற்றப் போகிறீர்களா? 18,500 ரூபாயை விட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்

சொந்தமாக ஒரு ஆம்புலன்ஸ் வைத்திருப்பவர்கள், டிரஸ்ட் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும்தான் இந்தப் பதிவு. கோபம் இன்னும் ஆறவில்லை, அங்கங்கே வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 18,500 ரூபாய் சார். பட்டுக்கோட்டையில் ஒற்றை வண்டியை வைத்துப் பிழைப்பவனுக்கு அது அந்த மாதத்து டியூவும் டீசலும் சேர்ந்த காசு.

வண்டி பழைய டிராவலர். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) நெருங்கும் நேரத்தில் சைரன் பெட்டி உயிரை விட்டது. ஸ்பீக்கரும் துருப்பிடித்துக் கரகரத்துக்கொண்டிருந்தது, சரி, இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று திருச்சியில் ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டிகளுக்கெல்லாம் லைட், சைரன் மாட்டித்தரும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அது வேறு வம்பு.

கடைக்காரர் பேசிய பேச்சு இருக்கிறதே! டீ வரவழைத்தார். எந்த ரூட், எந்த ஆஸ்பத்திரிக்கு அதிகம் போவீங்க என்று அக்கறையாக விசாரித்தார். கவுண்டரில் டெமோவுக்கு இரண்டு ஸ்பீக்கர் இருந்தது, அதில் ஒயரைச் சொருகி சைரனைப் போட்டார். முதலில் நீளமாக ஏறி இறங்குகிற சத்தம், அப்புறம் படபடவென்று வெட்டுகிற சத்தம், ரோட்டில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். "200 வாட் ஆம்ப், 100 வாட் ஸ்பீக்கர் ரெண்டு. கணக்கு கரெக்டா வருதா தம்பி? இதே செட்டுதான் பெட்டியில இருக்கு" என்றார். நான் கொஞ்சம் தயங்கியதும் ஒன்று சொன்னார் பாருங்கள்: "உயிர் விஷயம் தம்பி, இதுலபோய் விளையாடுவேனா?" அங்கேதான் விழுந்தேன். 19,000 சொன்னார், 500 குறைத்தார், ஜிபேயில் 18,500 அனுப்பினேன். அவருடைய சொந்த நம்பருக்குத்தான் அனுப்பச் சொன்னார். பில் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் ரிப்பேர், எஸ்டிமேட் சீட்டு வச்சுக்கோங்க, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புறேன் என்றார். இந்த நிமிஷம் வரை அந்த பில் வரவில்லை.

அட்டைப் பெட்டியிலிருந்து வேறு ஸ்பீக்கர்களை எடுத்து, கடைப் பையன்கள்தான் முன் கிரில்லுக்குப் பின்னால் மாட்டினார்கள்.

முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம். வண்டிக்குள் சத்தம் காதைப் பிளக்கிறது, முன்னால் போகிற லாரிக்காரன் மட்டும் அசைய மாட்டேன் என்கிறான். போன் போட்டேன். "ஏசி போட்டுட்டு கண்ணாடி ஏத்திக்கிட்டுப் போறவனுக்கு எந்த சைரனும் கேக்காது தம்பி." அப்புறம் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. சைரன் பெட்டியோடு வந்தது 20 ஆம்பியர் ஃபியூஸ். மாற்றினால் ரெண்டு நாள் ஓடும், மறுபடி போகும். "பேட்டரி வீக்கா இருக்கும், பாருங்க" என்றார். பேட்டரி புதுசு. அதைச் சொன்னதும், "அப்ப 30 ஆம்பியர் போட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது." இதைச் சொன்னது சைரன் விற்றுப் பிழைக்கிற ஆள்!

போட்டேன். அதன் பலன், நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போகும்போது, ஒரத்தநாடு கடைவீதிக்குள் நுழைகிற நேரம் பார்த்து சைரன் நின்றது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகுகிற வாடை. சைரன் ஒயரைக் கையால் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஹெட்லைட்டை அடித்து அடித்து ஹாரனிலேயே போனேன். அவர் மகன் முன் சீட்டில் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டித் துண்டை ஆட்டிக்கொண்டே வந்தான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம், அவரும் பிழைத்துக்கொண்டார். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத்தையே திருத்தி வைத்திருக்கிறார்கள். சத்தமே கேட்காதவனிடம் எந்த அபராதத்தை வாங்குவது?

பொருளைத் திருச்சிக்குத் தூக்கிப் போவதற்கு முன் எங்கள் ஊர் மைக்செட் அண்ணனிடம் காட்டினேன். கோயில் திருவிழாவுக்கெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர், யூனிட் (ஸ்பீக்கரில் சத்தத்தை எழுப்புகிற பாகம்) விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. மீட்டரை எடுத்து ஸ்பீக்கர் ஒயர் இரண்டிலும் வைத்தார். 1.7 ஓம் காட்டியது. ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவு, அது குறையக் குறைய பெட்டியிலிருந்து அதிகக் கரண்ட் இழுக்கும். ஒரு மாதிரி சிரித்தார். தனித்தனியாகக் கழற்றி வைத்தால் ஒவ்வொன்றும் 3.4 கிட்ட. யூனிட்டின் பின்பக்கம் வெள்ளி நிறத்தில் '100 வாட், 11 ஓம்' என்று பளபளப்பாக ஒரு ஸ்டிக்கர். அதன் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தார். அடியில் இரும்பிலேயே குத்தியிருக்கிறது: 40 வாட், 4 ஓம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த 200 வாட் பெட்டிக்கு 11 ஓம் யூனிட் ரெண்டு போடணும்டா. ரெண்டையும் பேரலலா கட்டினா 5.5 ஓம், பெட்டிக்கு அதுதான் லோடு. இவன் 4 ஓம் ரெண்டைக் கட்டியிருக்கான், 2 ஓம்தான் வருது. ரெண்டரை மடங்குக்கு மேல கரண்ட் இழுக்கும். ஃபியூஸ் அதனாலதான் போச்சு, அது அதோட வேலையைச் செஞ்சிருக்கு. நீ 30 போட்டதும் ஃபியூசுக்குப் பதிலா அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருச்சு." அதோடு முடியவில்லை. ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டும் அப்படி எதிரும் புதிருமாக ஓடினால் வண்டிக்கு நேர் எதிரே ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடுமாம். லாரிக்காரன் அசையாததன் ரகசியம் இதுதான். 100 வாட் என்று சொல்லி விற்கிற ஒழுங்கான சைரன் ஸ்பீக்கர் 3 மீட்டர் தூரத்தில் 120 டெசிபல் கிட்டக் கொடுக்கும். என் வண்டி அதில் பாதியாவது கத்தியிருக்குமா, தெய்வத்துக்கே வெளிச்சம்.

கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். டீ கொடுத்த மனுஷன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதலில் "தண்ணி இறங்கியிருக்கு" என்றார். ஸ்டிக்கரைக் காட்டினேன். "கம்பெனிலேர்ந்து அப்படித்தான் வருது." சரி, கம்பெனி எது, சொல்லுங்கள் என்றால், "நீங்க வெளியில கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு." 20 ஆம்பியருக்கு 30 போடச் சொன்னது யார் என்று கேட்டேன். "நான் எப்ப சொன்னேன்?" கவுண்டரில் அதே டெமோ ஸ்பீக்கர் ரெண்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அடுத்த ஆளுக்காக. இப்போது போன் போட்டால் கடைப் பையன் எடுத்து "ஓனர் வெளியூர் போயிருக்கார் அண்ணே" என்கிறான், பின்னால் அவர் குரலே கேட்கிறது. வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. நுகர்வோர் புகார் எண் 1915-க்குப் பேசினேன், பில்லும் பணம் கொடுத்த ஆதாரமும் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டும். 18,500 ரூபாய்க்கு அந்தச் சீட்டு!

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நைட் டூட்டி இருக்கிறது, இப்போதைக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், ஓமைக் கேளுங்கள். பெட்டி எத்தனை ஓமுக்கு என்று அதன் பின்னாலேயே போட்டிருக்கும், அதைவிடக் குறைந்த லோடு கட்டவே கூடாது. சின்ன மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் அங்கேயே வைத்துப் பாருங்கள். 11 ஓம் யூனிட் மீட்டரில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், பரவாயில்லை, மூன்று நான்கு காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த ஸ்பீக்கரில் சத்தம் போட்டுக் காட்டினார்களோ அதையே மாட்டச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் ஜிபேயைத் திறக்காதீர்கள். அப்புறம் ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடு என்று எவனாவது சொன்னால், அந்தக் கடையில் ஒரு பல்புகூட வாங்காதீர்கள்.