ஞாயிற்றுக்கிழமைக்கு எது துணை: செய்தித்தாளா, ரேடியோவா?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகான பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை மிக நீளமான நாள். பெரும்பாலான கடைகள் திறக்காது, கால்பந்து லீக் ஆட்டம் நடக்காது. மதியச் சாப்பாட்டுக்கான இறைச்சிகூட 1954 ஜூலை வரை பங்கீட்டில்தான் கிடைத்தது. அந்தப் பகலை நிரப்ப வீட்டில் இருந்தவை இரண்டு: வாசலில் வந்து விழும் ஞாயிறு இதழும், கூடத்து மூலையில் இருந்த வால்வு ரேடியோவும். இரண்டில் எது அந்தக் குடும்பங்களுக்கு அதிகம் கொடுத்தது என்று கேட்டால், தயங்காமல் ரேடியோ என்பேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் செய்தித்தாளின் பக்கம் நிற்பேன்.

விற்பனையில் செய்தித்தாள்கள் மலைக்க வைத்தன. ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ 1950இல் வாரத்துக்கு 80 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. விவாகரத்து, கொலை என்று நீதிமன்றத்தில் நடந்ததை வரிவரியாகச் சொல்வதுதான் அதன் பலம். ஆனால் 1940இல் வந்த அச்சுக் காகிதப் பங்கீடு 1956 முடியும் வரை நீங்கவில்லை. இதழ்கள் மெலிந்தே வந்தன. அதைவிடப் பெரிய குறை, ஒரு தாளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும் என்பது. பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று பெரியவர்கள் எடுத்து வைத்துவிடும் சமாச்சாரம் எப்படி வீட்டுக்கே பொதுவாகும்?

ரேடியோ பொதுவானது. 1946இலிருந்து உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 1 பவுண்டு. அதைக் கட்டிவிட்டால் வீடே கேட்கலாம். போருக்கு முன்பு பிபிசியின் ஞாயிறு, தேவாலயத்தைப் போல இறுக்கமாக இருந்தது. பாட்டு வேண்டியவர்கள், லக்சம்பர்க் நாட்டிலிருந்து ஒலிபரப்பான வணிக நிலையமான ரேடியோ லக்சம்பர்க்குக்குப் போனார்கள். 1945 ஜூலை 29இல் தொடங்கிய ‘லைட் ப்ரோகிராம்’ என்ற பிபிசியின் பொழுதுபோக்கு அலைவரிசை அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஃபேமிலி ஃபேவரிட்ஸ்’. அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருக்கும் நடுப்பகல் நேரம். லண்டனில் ஜீன் மெட்காஃப், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கிளிஃப் மிஷல்மோர். அங்கே பிரிட்டிஷ் ராணுவ முகாமில் இருக்கும் மகனுக்கு வீட்டார் ஒரு பாட்டு கேட்பார்கள். அங்கிருந்து அவன் அம்மாவுக்கு ஒரு பாட்டு கேட்பான். பெயரும் முகாமின் தபால் எண்ணும் வாசிக்கப்படும்போது, கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்படியில் நின்று காது கொடுத்த தாய்மார்கள் எத்தனை பேரோ! எந்த அச்சிட்ட பக்கமும் அந்த நொடியைத் தந்திருக்க முடியாது. குரலால் பழகிய அறிவிப்பாளர்கள் இருவரும் 1950இல் திருமணமே செய்துகொண்டார்கள்.

பிறகு பில்லி காட்டனின் இசைக்குழு, ‘எஜுகேட்டிங் ஆர்ச்சி’. பின்னது பொம்மையைப் பேசவைக்கும் கலைஞரின் நிகழ்ச்சி. கலைஞரின் வாய் அசைகிறதா என்று பார்க்கவே முடியாத ரேடியோவில் அது வென்றது. பொம்மையை ஒரு சிறுவனாகவே நாடு நம்பியது.

இளைஞர்களுக்கு இரவில் லக்சம்பர்க். 1948 முதல் ஞாயிறு இரவு 11 மணிக்கு முதல் இருபது பாடல்கள். வரிசையை முடிவுசெய்தது இசைத்தட்டு விற்பனை அல்ல, இசைக்குறிப்புத் தாள்களின் விற்பனை. ஒலி நடுவில் தேய்ந்து மறைந்து மீண்டும் வரும். ஆனாலும் விடமாட்டார்கள்.

செய்தித்தாள் வென்ற இடம் அரசியல். நாடாளுமன்றம் இரு வாரத்துக்குள் விவாதிக்கவிருக்கும் எதையும் பிபிசி விவாதிக்கக் கூடாது என்று ஒரு விதி 1956 வரை இருந்தது. எகிப்தின் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன் படையெடுத்த 1956 சூயஸ் நெருக்கடியில், எதிர்க்கட்சித் தலைவர் கெயிட்ஸ்கெல்லுக்கு ஒலிபரப்பில் இடம் கொடுத்தது பிபிசி; அதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது. ஆனால் தன் கருத்தாக எதையும் அது சொல்ல முடியாது. 1956 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, டேவிட் ஆஸ்டர் ஆசிரியராக இருந்த ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழ் சொன்னது: பிரதமர் ஈடனின் அரசு மடமையும் வஞ்சகமும் செய்துவிட்டது என்று தலையங்கத்தில் நேராகவே எழுதியது. வாசகர்கள் பலர் கோபத்தோடு நிறுத்தினார்கள், விளம்பரங்கள் போயின. ஆஸ்டர் ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை.