ட்ரிகர் மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடையில் கவனமாக இருங்கள்

நீண்ட தூரம் சுடும் ரைஃபிளுக்கு நல்ல ட்ரிகர் (சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையும் அதன் உள் பாகங்களும்) போடலாம் என்று யோசிக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களில் 600 கஜம், 1000 கஜம் என்று வார இறுதியில் ரேஞ்சுக்குப் போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நான் இருப்பது டெக்சாஸில். இங்கே ஒரு கடை என்னிடம் புது ட்ரிகருக்கும் கூலிக்கும் பணம் வாங்கிக்கொண்டு, யாரோ கழற்றிப் போட்ட ஒன்றை மாட்டிக் கொடுத்தது. பணத்தோடு போயிருந்தால் நாலு பேரிடம் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். அந்த ட்ரிகர் விரல் படாமலே விழுந்தது, அதாவது இழுக்காமலே சுடும் ஊசியை விட்டுவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

ரைஃபிள் ரெமிங்டன் 700. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கனமான பேரல் (குழல்), .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது. 1962-இல் வந்த இந்த மாடலுக்குக் கிடைக்கும் அளவுக்கு வெளி ட்ரிகர்கள், கையால் போல்ட்டை (தோட்டா அறையை மூடும் உருளைத் துண்டை) இழுத்து மூடும் வேறு ரைஃபிள்களுக்குக் கிடைப்பது அரிது. பல தனி நிறுவனங்கள் செய்யும் விலை உயர்ந்த ஆக்‌ஷன்களும் (போல்ட்டும் அது இயங்கும் உடலும் சேர்ந்த பகுதி) இதே அளவுக்குத்தான் ட்ரிகர் இடத்தை அமைக்கின்றன. என்னுடையதில் இருந்தது பழைய வாக்கர் ட்ரிகர். அதில் ட்ரிகருக்கும், சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் சியருக்கும் நடுவே கனெக்டர் என்று ஒரு தனித் துண்டு உண்டு. அழுக்கோ கெட்டிப்பட்ட எண்ணெயோ நடுவில் புகுந்தால் அது தன் இடத்துக்குத் திரும்பாமல் போகும், அப்போது ரைஃபிள் தானாக வெடிக்கும் என்று வழக்குகள் வந்தன. கம்பெனி குறையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கடைசியில் சமரசத்துக்கு வந்து, ட்ரிகரை மாற்றித் தருவதாகச் சொன்னது. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. வாக்கருக்குப் பின்னால் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோவையும் 2014-இல் திரும்ப அழைத்தார்கள். பொருத்தும்போது ஒட்டும் பசை அதிகமாகப் போய்விட்டது என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆக, என்னுடையதை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்ததில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

நான் கேட்டது கனடாவின் ட்ரிகர்டெக் நிறுவனம் செய்யும் டயமண்ட் மாடல். முந்நூறு டாலர் பக்கம் வரும், கூலி தனி. கடையில் சரி என்றார்கள். ரைஃபிளைத் திரும்ப வாங்கப் போனபோது கவுண்ட்டரில் இருந்தவர், காலியாக இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டை மெதுவாக மூடி, "இழுத்துப் பாருங்கள்" என்று நீட்டினார். தொட்டதும் விழுந்தது. "12 அவுன்ஸ்" என்றார். அதாவது 340 கிராம். கூடவே டயமண்டின் பெட்டியையும் விளக்கத்தாளையும் கொடுத்து, வாரண்டிக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பழைய ட்ரிகர் எங்கே என்றதற்கு, அதெல்லாம் குப்பைக்குப் போய்விடும் என்றார்.

இந்த இடத்தில் ட்ரிகர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏமாற்று நடப்பதே அங்கேதான். போல்ட்டை மூடும்போது ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) பின்னால் நின்றுவிடும். அதன் பெரிய ஸ்பிரிங் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது சியர். சியர் கீழே இறங்காமல் தாங்கிப் பிடிப்பது ட்ரிகரின் விளிம்பு. இந்த இரண்டு உலோக விளிம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் அளவு மிகச் சிறியது. விரலால் இழுக்கும்போது அந்த ஏற்றம் தீர்ந்து சியர் விழுகிறது. இழுக்கையில் சரசரவென்று நகர்வது தெரிந்தால் க்ரீப் என்பார்கள். விழுந்த பிறகும் ட்ரிகர் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் ஓவர்டிராவல்.

நல்ல கம்பெனிகள் இழுப்பை லேசாக்குவது இரும்பின் தரத்தாலும் வடிவத்தாலும். ட்ரிகர்டெக்கில் அந்த விளிம்புகளுக்கு நடுவே சுழலும் ஒரு சின்ன உருளை இருக்கிறது. உரசல் போய்விடுவதால், ஏற்றம் போதுமான அளவு இருந்தாலும் விரலுக்கு நகர்வு தெரியாது. ஆஸ்திரியாவின் பிக்ஸ் அண்ட் ஆண்டி சின்ன உருண்டைகளை வைத்துச் செய்கிறது. வேறு சிலர் கடினமான எஃகை மிக நேர்த்தியாகச் சாணை பிடித்து அதே இடத்துக்கு வருகிறார்கள். இதற்கெல்லாம் காசு ஆகிறது.

காசே ஆகாத வழி ஒன்றும் இருக்கிறது. திருகு வைத்த பழைய ட்ரிகரில் அந்தத் திருகைத் திருப்பி அந்த ஏற்றத்தைக் குறைத்து, ஸ்பிரிங்கையும் தளர்த்திவிட்டால் போதும். கவுண்ட்டரில் இழுத்துப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இழுப்பு லேசாக இருப்பதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. வெளியே தெரிவது விரல் படும் வளைந்த பகுதி மட்டும்தானே. மற்றதெல்லாம் ரைஃபிளின் கட்டையான ஸ்டாக்குக்குள் மறைந்து கிடக்கிறது.

விஷயம் வெளிப்பட்டது ஒரு கிளப் போட்டியில். பிஆர்எஸ் (ப்ரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் என்ற நீண்ட தூரப் போட்டித் தொடர்) பாணிப் போட்டிகளில் நேரக் கணக்கு உண்டு, போல்ட்டை யாரும் பூப்போல மூடுவதில்லை. என் முறை வருவதற்கு முன்னால், காலி ரைஃபிளோடு ஓரமாகப் படுத்து போல்ட்டை வேகமாகத் தள்ளி மூடிப் பழகிக்கொண்டிருந்தேன். கைப்பிடி கீழே இறங்கியதும் 'டக்'. விரல் ட்ரிகர் கார்டுக்கு (ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையம்) வெளியே இருந்தது. பக்கத்தில் நின்ற ரேஞ்ச் ஆபீசரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார். இன்னொரு முறை செய்யச் சொன்னார், மறுபடியும் விழுந்தது. அவ்வளவுதான், ரைஃபிளைப் பையில் போடச் சொல்லிவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. உள்ளே தோட்டா இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அங்கே சுட வந்திருந்த வயதான கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) ஒருவர், ஆட்டம் முடிந்ததும் இரண்டு ஆக்‌ஷன் ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்டாக்கைப் பிரித்தார். உள்ளே டயமண்டும் இல்லை, ட்ரிகர்டெக்கும் இல்லை. பக்கத் தகட்டில் பெயர் இருந்த இடத்தை அரைத்து அழித்திருந்தார்கள். இழுப்பின் எடை, ஏற்றம், ஓவர்டிராவல் ஆகியவற்றுக்கான மூன்று திருகும் திறந்து கிடக்கும் பழைய மாதிரி ட்ரிகர் அது. ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் திருகை, நகராமலிருக்கப் பூசும் சீல்கூட இல்லாமல், போகிற மட்டும் திருகியிருந்தார்கள். ஓவர்டிராவல் திருகின்மேல் மட்டும் புதிதாகச் சிவப்பு நெயில் பாலிஷ். பார்க்கிறவர் ஏதோ கவனமாக வேலை செய்திருக்கிறார்கள் என்று நினைக்கட்டும் என்றா, தெரியவில்லை. இழுப்பின் எடையை அளக்கும் ட்ரிகர் கேஜை மாட்டி இழுத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொரு எடை காட்டியது. நல்ல ட்ரிகரில் இந்த எண் அவ்வளவு அலையாது. விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கிறது என்று அவர் லென்ஸை வைத்துக் காட்டினார்.

கடைக்காரரின் பதில் நான் எதிர்பார்த்ததுதான். "நீங்கள் வீட்டில் திருகியிருப்பீர்கள்" என்றார். பெயரை அரைத்து அழித்ததும் நானா என்று கேட்டதற்கு, மேனேஜர் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மேனேஜரை நான் இதுவரை பார்க்கவில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தால் 'ட்ரிகர் அப்கிரேடு, பொருளும் கூலியும்' என்று ஒரே வரி. கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை. அந்த ஒரு வரியில்தான் அவர்கள் தப்பிக்கப் பார்த்தார்கள். கிரெடிட் கார்டில் கட்டியதும், கழற்றியபோதே படம் எடுத்து வைத்ததும், அந்தக் காலிப் பெட்டியும்தான் என்னைக் காப்பாற்றின. கார்டு கம்பெனி பொருளின் விலையைத் திருப்பித் தந்தது. கூலி வரவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் நான் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருப்பதுதான்.

இந்த ஊர்ச் சட்டத்தில் துப்பாக்கி என்று கணக்கில் வருவது ரிசீவர் எனும் நடு உடல் பகுதிதான். இப்படிப்பட்ட ரைஃபிளின் ட்ரிகர் வெறும் உதிரி பாகம். யார் வேண்டுமானாலும் தபாலில் வாங்கலாம், விற்கலாம், எந்தப் பதிவும் கிடையாது. ரைஃபிள் ஒரு இரவு கடையில் தங்கினால்கூட அதை லைசென்ஸ் புத்தகத்தில் ஏற்ற வேண்டிய கடைக்காரர், உள்ளே எந்த ட்ரிகரைப் போட்டார் என்று எங்கும் எழுத வேண்டியதில்லை. ஆகவே ட்ரிகரை நீங்களே கம்பெனியிடமோ பெரிய கடையிலோ சீல் பிரிக்காமல் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. மாட்டுவதற்கு மட்டும் கூலி கொடுங்கள். கழற்றிய பழையது உங்கள் சொத்து, அதைக் கேட்டு வாங்குங்கள். மாட்டியதும் ஸ்டாக்கைப் போடுவதற்கு முன்னால் கூப்பிடச் சொல்லி, கண்ணால் பார்த்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற கன்ஸ்மித்திடம் வேலையே கொடுக்க வேண்டாம்.

அப்புறம், கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை. ரைஃபிள் காலி என்பதை ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துக்கொண்டு, குழல் பத்திரமான பக்கம் இருக்க, போல்ட்டை நன்றாக வேகமாக அறைந்து மூட வேண்டும். ரப்பர் பாயின்மேல் ஸ்டாக்கின் அடியை இடித்துப் பார்க்க வேண்டும். சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டு, ட்ரிகரை அழுத்தி, விரலை எடுத்து, பிறகு சேஃப்டியை விடுவிக்க வேண்டும். இந்த மூன்றில் எதிலாவது பின் விழுந்தால் அந்த ரைஃபிளை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். என்னிடம் போல்ட்டை மெதுவாக மூடிக் காட்டியது ஏன் என்று இப்போது புரிகிறது.

எந்த ட்ரிகர் என்று கேட்பவர்களுக்கு என் கருத்து. அவுன்ஸ் கணக்கில் இழுப்பு வேண்டும் என்பது பெஞ்சில் உட்கார்ந்து சுடுகிறவர்களின் தேவை. ஓடி, தடுப்புகளின்மேல் சாய்ந்து, மூச்சு வாங்கச் சுடுகிறவருக்கு ஒரு பவுண்டும் அதற்குக் கொஞ்சம் மேலும் போதும். வேட்டைக்கும் அதே ரைஃபிள் என்றால், குளிரில் கையுறை போட்ட விரலுக்கு இரண்டரை, மூன்று பவுண்டுக்குக் கீழே போகாதீர்கள். போட்டி விதியையும் பாருங்கள். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளில் 1500 கிராமுக்குக் குறைவான ட்ரிகர் செல்லாது. டெக்சாஸிலேயே தயாராகும் ஜூவல் ட்ரிகரைப் பெஞ்சில் சுடுகிறவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். ஆனால் அதற்குப் புழுதி ஆகாது, மண்ணில் படுத்து எழுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். எந்த ட்ரிகராக இருந்தாலும் உள்ளே எண்ணெய் விடாதீர்கள். ஆர்டர் போடும்போது சேஃப்டி எந்தப் பக்கம், போல்ட் ரிலீஸ் ட்ரிகரோடு சேர்ந்து வருவதா இல்லாததா என்று பார்த்துக் கேளுங்கள். ரெமிங்டனின் சொந்த ஆக்‌ஷனில் போல்ட்டை விடுவிக்கும் பொத்தான் ட்ரிகர் பக்கம் இருக்கும், தனி ஆக்‌ஷன்கள் பலவற்றில் அது பக்கவாட்டில் தனியாக இருக்கும். மாற்றி வாங்கினால் போல்ட்டைக் கழற்றவே வழி இருக்காது.

இப்போது அதே டயமண்டை நானே வாங்கி, அந்த வயதான கன்ஸ்மித்திடமே கொடுத்துப் பக்கத்தில் நின்று மாட்டவைத்தேன். ஒரு பவுண்டுக்குச் சற்று மேலே வைத்திருக்கிறார், கேஜில் எண் அலைவதில்லை. என் பழைய வாக்கர் ட்ரிகர் மட்டும் அந்தக் கடையிலேயே இருக்கிறது. குப்பைக்குப் போயிருந்தால் நல்லது. எனக்குச் செய்ததுபோல் அதையும் பெயரை அரைத்து இன்னொருவர் ரைஃபிளில் மாட்டிவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. அதனால் டெக்சாஸில் கடையில் கொடுத்து ரெமிங்டன் 700-க்கு ட்ரிகர் மாற்றியவர்கள், ரசீதில் மாடல் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், அடுத்து ரேஞ்சுக்குப் போவதற்கு முன்னால் தெரிந்த ஒருவரை வைத்து ஸ்டாக்கைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.