கத்துகிற மாஸ்டரும் இரண்டாவது கிளச்சும்: அல்சூர் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூல்

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். நேரம் தவறாமல் வருகிறார்கள், மாஸ்டருக்குத் தொழில் தெரியும், கார் ஓட்ட வந்துவிட்டது. மீதி இரண்டை அவர் வாய் தின்றுவிட்டது. ஸ்கூல் பெயரைப் போடவில்லை. பெங்களூரில் எந்த ஏரியாவில் சேர்ந்தாலும் இப்படி ஒருத்தர் மாட்டுவார்.

லைசென்ஸ் வேலையும் சேர்த்து 6,500 ரூபாய் வாங்கினார்கள். பழைய வேகன்ஆர், ஏசி போட மாட்டார்கள். அதெல்லாம் பரவாயில்லை.

மாஸ்டர் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) தமிழர். பாதி தமிழ், பாதி கன்னடம், எல்லாமே உச்ச ஸ்தாயியில். "சொல்ப லெஃப்ட் ஒடிங்க மேடம்! காலை வீட்டுலயே விட்டுட்டு வந்தீங்களா?" என் முறைக்கு முன்னால் ஜோகுபாளையத்துக் காலேஜ் பையன் ஒருவன் ஓட்டுவான். நான் பின் சீட்டில் இருப்பேன். எதற்கெடுத்தாலும் "சாரி சார்". எதுக்கு சாரி என்று அவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சாரி சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கொண்டே போகும்.

எனக்கு நாற்பத்தைந்து வயது, அந்தப் பொறுமை கிடையாது. ஏரிக்கரை ரோட்டில் ஒரு நாள் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்து, வண்டியை ஆஃப் பண்ணிவிட்டேன். "சார், நீங்க கத்தினா எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்யுது, கால் வேலை செய்யல. கிளச்னா கிளச், பிரேக்னா பிரேக். ஒரு வார்த்தை போதும். திட்டறதை வண்டி நின்ன பிறகு திட்டுங்க."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீங்க அரை மணியில இறங்கிப் போயிடுவீங்க மேடம். அடுத்த ஆளும் என்னை பிஎம்டிசி பஸ் பின்னாடிதான் கொண்டு போய் விடுவான். காலைலேருந்து ராத்திரி வரைக்கும் இதான்" என்றார். நியாயம்தான். அதற்காகக் கத்தல் நிற்கவில்லை. ஒற்றை வார்த்தையாகக் கத்த ஆரம்பித்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

உண்மையான கோளாறு வேறு இடத்தில். ஸ்கூல் வண்டியில் எனக்கு இன்ஜின் ஆஃப் ஆனதே இல்லை. தம்பி காரை எடுத்தால் அபார்ட்மென்ட் கேட் ஏற்றத்திலேயே படுத்துவிடும். மறுநாள் கீழே குனிந்து பார்த்தேன். மாஸ்டர் பக்கமும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கிறதல்லவா, அந்தக் கிளச் மேல் அவர் செருப்பு. என் பாதி வேலையை அவர் கால் செய்துகொண்டிருந்தது!

"காலை எடுங்க சார்." மெயின் ரோட்டில் முடியவே முடியாது என்றார். லேஅவுட் ரோட்டில் ஒத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் ஹாஃப் கிளச் என்றால் என்ன என்று காலுக்குத் தெரிந்தது. பெடலை மெல்ல விடும்போது ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் இறங்கும், பானெட் லேசாக எழும்பும், ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வரும். அங்கேயே காலை நிறுத்தி, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் ஏற்றத்திலும் வண்டி பின்னால் போகாது. அதற்குள் பலமுறை இன்ஜின் நின்றது, பலமுறை திட்டு விழுந்தது. விழட்டும்.

நடுவில் ஆபீஸில் சொல்லி வேறு மாஸ்டருக்கும் மாறிப் பார்த்தேன். தங்கமான மனுஷன், ஒரு அதட்டல் கிடையாது. ஆனால் கிளாஸ் முழுக்க போனில் மச்சினன் வீட்டுப் பஞ்சாயத்து. நான் ரெண்டாவது கியரிலேயே ஊரைச் சுற்றினாலும் கண்டுகொள்ளமாட்டார். பழையவரிடமே திரும்பிவிட்டேன்.

இன்னொரு விஷயம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் பயிற்சி குறைந்தது 21 நாள், கையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவது மொத்தம் 10 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. அதாவது தினம் அரை மணி. இங்கே ஒருத்தரை இறக்கி இன்னொருத்தரை ஏற்றுவதிலேயே என் அரை மணியில் பாதி கரைந்தது. ஓட்டிய நேரத்தை எழுதிவைக்கப் படிவம் 15 என்று ஒரு பதிவேடு உண்டு. "என் பக்கத்தைக் காட்டுங்க" என்று ஆபீஸில் கேட்டேன். காட்டவில்லை, ஆனால் மறுநாளிலிருந்து முழு அரை மணி கிடைத்தது.

டெஸ்ட்டுக்கு அவர்கள் அவசரப்படுத்தினால் மசியாதீர்கள். எல்எல்ஆர், அதாவது ஓட்டிப் பழகுகிறவர்களுக்கான லைசென்ஸ், எடுத்து 30 நாள் ஆனால்தான் டெஸ்ட்டுக்கே போகமுடியும், எல்எல்ஆர் 6 மாசம் செல்லும். ஏற்றமும் ரிவர்ஸும் கைக்கு வரட்டும். சேருகிறவர்கள் காலை ஆறரை ஸ்லாட் கேளுங்கள். ஓல்ட் மெட்ராஸ் ரோடு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடும், மாஸ்டருக்கும் தொண்டை கட்டியிருக்கும்.