வார்ப்பிரும்பு விரிசல்: வெல்டிங்கா, பித்தளைப் பற்றா?

பம்புசெட் டீசல் எஞ்சினின் வாட்டர் ஜாக்கெட்டில் (சிலிண்டரைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை) விரிசல் என்றால் என் ஓட்டு பித்தளைப் பற்றுக்கே, அதாவது பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டும் முறைக்கே. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1,150 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். பித்தளைக் கம்பிக்குச் சுமார் 900 போதும். இரும்பு உருகாததால் விரிசல் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறாது. வெண்காரம் தூவி, மெதுவாகச் சூடேற்றி ஒட்டுங்கள். அப்புறம் உலர்ந்த மணலில் புதைத்து ஆறவிடுங்கள். துத்தநாகப் புகை கெடுதல், திறந்தவெளியில் செய்வதே சரி.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி, கதை வேறு. அந்தச் சூட்டுக்குப் பித்தளை தாங்காது, நிக்கல் ராடு வெல்டிங்தான். விலைதான் கொஞ்சம் கடிக்கும். ஒரே மூச்சில் இழுத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விழும். ஓர் அங்குலம் போட்டு, சூடாக இருக்கும்போதே சுத்தியலால் லேசாகத் தட்டி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் அடுத்த அங்குலம். இரண்டிலும் முதலில் விரிசலின் முனைகளில் சிறு துளை போடுங்கள். இல்லாவிட்டால் விரிசல் மேலும் நீளும்.