பத்து வருசம் தாண்டிய பிளாஸ்மா ரீவி: முதல் 200 மணித்தியாலமும் அதற்குப் பிறகும்

2014 சித்திரையில் 42 அங்குல பிளாஸ்மா ஒன்று வாங்கினேன். பானசோனிக் அதற்கு முந்தின வருசக் கடைசியோடு பிளாஸ்மா செய்வதை நிறுத்தியிருந்தது. சாம்சங்கும் 2014 கார்த்திகையோடு கைவிட்டது. கொழும்புக் கடைகளில் மிச்சம் கிடந்ததை விலை குறைத்துக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்ததும் அப்படி மிஞ்சின ஒன்றுதான்.

பிளாஸ்மாவைப் படுக்கப் போட்டு ஏற்றக்கூடாது என்று படித்திருந்தேன். வான் வண்டியில் நிமிர்த்தி வைத்து, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று திருகோணமலை வந்து சேரும்வரை மச்சான் அதைக் கட்டிப்பிடித்தபடியே இருந்தார். கந்தளாயில் தேத்தண்ணி குடிக்கக்கூட மனுசன் இறங்கவில்லை.

புது மோட்டார்சைக்கிளுக்கு ரனிங்-இன் பார்ப்பதுபோல இதற்கும் பார்க்கவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். காரணம் வேறு. பிளாஸ்மாத் திரையில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் நியோனும் செனோனும் கலந்த வாயு இருக்கிறது. மின்சாரம் பட்டதும் அது புற ஊதாக் கதிரை விடும். அந்தக் கதிர் பட்டு ஒளிர்வது உள்ளே பூசியிருக்கும் பொஸ்பர். பொஸ்பர் ஆரம்ப மணித்தியாலங்களில்தான் வேகமாகத் தேயும், பிறகு மெதுவாகிவிடும். வேகமாகத் தேயும் காலத்தில் ஒரு மூலையில் மட்டும் சானல் சின்னம் எரிந்துகொண்டே இருந்தால் அந்த மூலை மற்ற இடத்தைவிடக் கிழடாகிப் போகும். பழக்குவது என்றால் திரை முழுவதையும் சமமாகத் தேய விடுவது. அதற்குமேல் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

பென்டிரைவில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, சாம்பல் என்று வெறும் நிறப் படங்களைப் போட்டு இரவில் ஓடவிட்டேன். இரண்டாம் நாள் அம்மா எழும்பி வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இவ்வளவு காசு குடுத்து வாங்கிப்போட்டு, சுவருக்குப் பெயின்ற் தெரிவு செய்யிறியா?" என்றார். நாலு இரவோடு அதை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் அது தேவையும் இல்லை. திரையை நிறைக்கிற சாதாரணப் படம் போதும். நான் கறாராக நின்றது வேறு இரண்டு விசயத்தில். கொன்ற்ராஸ்ற்றை 200 மணித்தியாலம் ஆகும்வரை பாதிக்கு மேல் ஏற்றவில்லை. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும் பழைய 4:3 நிகழ்ச்சிகளை அப்படியே பார்க்கவும் விடவில்லை, இழுத்து நிரப்பினேன். "எல்லாரும் ஏன் இப்பிடி ஊதிப்போய் இருக்கினம்?" என்று அம்மா ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

செற்றிங்ஸ் விசயத்துக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்து போட்ட உடனே வந்தது டைனமிக் மோட். அது கடை வெளிச்சத்துக்குச் செய்தது, வீட்டுக்கு ஆகாது. சினிமா மோடுக்கு மாற்றி, வெள்ளை நீலப் பக்கம் சாய்வதா மஞ்சள் பக்கம் சாய்வதா என்று தீர்மானிக்கும் நிற வெப்பநிலையை வார்ம் ஆக்கினேன். ஸ்ரூடியோக்களில் அளவாக வைத்திருக்கும் 6500 கெல்வினுக்குக் கிட்ட வருவது அதுதான். முதல் கிழமை எல்லாம் மஞ்சளாகத் தெரியும். கோயில் நேரடி ஒளிபரப்பில் ஐயரைப் பார்த்து, "விபூதி ஏன் சந்தனம் மாதிரி இருக்கு?" என்றார் அம்மா. பத்து நாளில் கண் பழகிவிட்டது. அதற்குப் பிறகு பழைய மோடைப் போட்டால் விபூதி நீலம்.

பிரைட்னஸ் என்ற பெயர் ஏமாற்றும். அது கறுப்பின் அளவு. இருட்டுக் காட்சி ஒன்றை நிறுத்தி வைத்து, கறுப்பு உடுப்பின் மடிப்பு தெரிகிற, ஆனால் உடுப்பு சாம்பலாகாத இடத்தில் விடவேண்டும். எனக்கு அதற்கு மூன்று இரவு பிடித்தது. ஷார்ப்னஸ் பூச்சியம். ரெஸ்ற் மட்ச்சில் வெள்ளை உடுப்பைச் சுற்றி ஓடின ஒளிக்கோடு அதோடு போனது. படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் ஓவர்ஸ்கானையும் நிறுத்தினேன்.

2015 உலகக் கிண்ணம்தான் பெரிய பரீட்சை. நியூசிலாந்தில் ஆட்டம் என்றால் எங்களுக்கு விடியப்புறம். சங்கக்கார தொடர்ந்து நாலு சதம் அடித்த அந்தத் தொடர் முழுக்க, திரையின் அடியில் ஸ்கோர் பட்டி மணிக்கணக்காக அசையாமல் நின்றது. ஆட்டம் முடிந்து சானல் மாற்றினால் பட்டியின் நிழல் தெரியும். அரை மணித்தியாலம் வேறு எதையாவது ஓடவிட்டால் போய்விடும். இது நிழல்தான், தழும்பு இல்லை.

தழும்பு 2017 போல வந்தது. பழக்கியாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நான் அசந்துபோன காலம். அம்மா ஒரே சானலைப் பின்னேரம் முழுக்கப் போட்டு வைப்பார், பாதி நேரம் பார்க்கிற ஆள் குசினிக்குள். வலது மேல் மூலையில் அந்தச் சின்னம் இன்றைக்கும் இருக்கிறது. படம் ஓடும்போது தெரியாது. கிரிக்கெட் மைதானத்தின் பச்சை வந்தால் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு எப்பவுமே தெரிந்ததில்லை.

மற்றக் குறைகள்: வெள்ளை அதிகமான காட்சியில் ஒரு ரீங்காரம் கேட்கும். முன்கண்ணாடியில் காலை வெயில் அப்படியே விழும், கிழக்குப் பக்கம் கடல் உள்ள வீட்டில் யன்னல் சீலை இல்லாமல் சரிவராது. உப்புக்காற்றுக்கு ரிமோட் ஸ்பிரிங் இரண்டு தடவை துருப்பிடித்தது. பிரகாசமான படத்துக்குக் கரண்டையும் கூட இழுக்கும். 2022 ஆவணியில் கட்டணம் சராசரியாக 75 வீதம், அடுத்த மாசியில் 66 வீதம் ஏறின பிறகு, பகலில் சும்மா ஓடவிடும் வழக்கத்தை நிறுத்தினோம். நல்ல படம் இருக்கிற இரவில் மட்டும் போடுகிறோம். லைற்றை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்தக் கறுப்பை என் மருமகனின் புது எல்இடி இன்றும் தரவில்லை.

பாவித்த பிளாஸ்மா வாங்க நினைக்கிறவர்கள் பென்டிரைவில் வெறும் வெள்ளை, சிவப்பு, பச்சைப் படம் மூன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். நாலு மூலையையும், அடிப்பக்கத்தையும், 4:3 பட்டை நின்றிருக்கக்கூடிய இரண்டு ஓரத்தையும் பாருங்கள். போட்டுப் பார்க்க விடாவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.